782இன் சாக்கு

உருளைக்கிழங்குச் சாக்கின் ஈரமண் மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் 782ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

வடயேர்மனியில், வேர்டன் நகருக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த காலம் அது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பும் பழைய ஆண்டொன்றை எடுத்து நாடகம் போடவேண்டும் என்றார்கள். எங்கள் ஆசிரியை ஊருக்குப் பொருத்தமாக 782ஐ எடுத்தார். அந்த ஆண்டு இந்தப் பகுதியில் வாழ்ந்த சக்சன்கள் பிராங்கிய அரசனின் படையை வெட்டிச் சாய்த்தார்கள். ஆத்திரத்தோடு வந்த அரசனிடம் சக்சன் பிரபுக்களே தங்கள் ஆட்களைப் பிடித்துக் கொடுக்க, இதே வேர்டனில் ஒரே நாளில் நாலாயிரத்து ஐந்நூறு தலைகள் விழுந்தன என்று பழைய ஏடுகள் சொல்கின்றன. அதே காலத்தில்தான் அந்த அரசன் பெரிய அறிஞர் ஒருவரைத் தன் அரண்மனைக்கு அழைத்துப் படிப்பும் தொடங்கினானாம். வெட்டின கையோடு எழுத்து!

என் டொச் மொழி அப்போது தத்தக்கா பித்தக்கா. அதனால் எனக்கு வசனமில்லாத பிரபு வேடம். வரிசையில் நிற்பவனைப் பார்த்துத் தலையாட்டினால் போதும், அவனை வெட்ட இழுத்துப்போவார்கள். மேடையேறும் சந்தோசத்தில் எனக்குப் "புளுகம்" தாங்கவில்லை. ஆனால் ஒத்திகையில் என் தலை நம்மவர் வழக்கப்படி பக்கவாட்டில் ஆட, அதை "இல்லை" என்று எடுத்துக்கொண்டு எல்லாரையும் விட்டுவிட்டார்கள். மேலும் கீழும் ஆட்ட வீட்டில் பழகிக்கொண்டு வா என்றார் ஆசிரியை.

அன்று அம்மா நாடகச் சட்டைக்காக உருளைக்கிழங்குச் சாக்கில் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். அவர் அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் நான் அவசரப்பட்டு மாட்ட, தலை சாக்குக்குள் சிக்கிக்கொண்டது. வெட்டிய ஓட்டையில் என் கண்கள் மட்டும். அந்த நேரம் பிஸ்கற் கொம்பனி வேலை முடிந்து அப்பா உள்ளே வந்தார். நான் அவரைப் பார்த்து மேலும் கீழும் ஆட்டினேன்.

அப்பா முழங்காலில் விழுந்தார். இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டு, "ஐயா, அண்ணை கடலுக்குப் போறவர் ஐயா. அவரை விடுங்கோ, என்னைக் கொண்டுபோங்கோ," என்றார். அவரும் நாடகம் போடுகிறார் என்று நினைத்து நான் இன்னொரு தடவை ஆட்டினேன். அப்பா குழறி அழத் தொடங்கினார்.

அம்மா ஓடிவந்து கத்தரிக்கோலால் சாக்கைக் கிழித்த வேகத்தில் என் கன்னமும் கிழிந்தது. "இஞ்ச பாருங்கோ, இது உங்கட பிள்ளை!" என் முகத்தைக் கண்ட பிறகும் அப்பா கைகளை இறக்கவில்லை.

பிறகு அம்மாதான் சொன்னார். இலங்கையில், எங்கள் மன்னாரில், ஊர் ஆண்களை இராணுவம் கோயில் முன்றலில் வரிசையில் இருத்தி, ஆட்களைக் காட்டிக்கொடுக்க, முகத்தைச் சாக்கால் மூடிய "தலையாட்டி" ஒருவனைக் கொண்டுவந்ததாம். அவன் பெரியப்பாவைப் பார்த்து ஆட்டினான். அப்பாவின் கண் முன்னாலேயே துவக்குப் பிடியால் அடித்து, வாயுடைத்து, லொறியில் எறிந்தார்கள். பெரியப்பா திரும்பவேயில்லை. "தலையாட்டினவன் ஊராள் ஒருத்தன்தான். கண் தெரிஞ்சது, ஆள் தெரியேல்லை," என்றார் அம்மா.

நாடகத்தன்று அப்பா கடைசி வரிசையில் இருந்தார். நான் ஒவ்வொருவனையும் பார்த்து இல்லை, இல்லை என்று தலையசைத்தேன். வாளோடு நின்றவர்கள் விழித்தார்கள், சபை சிரித்தது, ஆசிரியை திரைக்குப் பின்னால் கையைப் பிசைந்தார். அன்று வேர்டனில் ஒருவரும் சாகவில்லை.

இப்போது நான் ஹம்பேர்க்கில் வேலை செய்கிறேன். நம்மவரின் அந்தப் பக்கவாட்டு ஆட்டம் என்னிடமிருந்து எப்போதோ போய்விட்டது. அலுவலகத்தில் நாள் முழுக்க என் தலை மேலும் கீழும்தான் ஆடுகிறது. ஞாயிறுகளில் அப்பா வந்து, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்கும்போது மட்டும் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயால் "ஓம்" என்கிறேன்.