உயிரோடிருந்தவருக்கு ஒரு மரண அறிவித்தல்

அறுபதுகளில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் மரண அறிவித்தல் மேசை என்னுடையது. தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து, நடக்க முடியாத ஒரு பழைய பத்திரிகையாளரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தேன். அவர் அறுபதுகளில் கொலைச் செய்தி எழுதியவர். இருவருக்கும் சாவுதான் சோறு போட்டது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரே வாக்குவாதம்.

அவர் கதைப்பது இத்தாலியன். எனக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வந்து விழும்.

"சனம் காலமை கோப்பி குடிக்கேக்கை முதற்பக்கத்திலை பிணம் கிடக்கோணும். செத்தவன்ரை படம் வேணுமெண்டால், தாய் அழுதுகொண்டிருக்கேக்கை சுவரிலை இருந்து கழட்டிக்கொண்டு வந்திடுவம்" என்பார், பெருமையாக.

எங்கள் பத்திரிகையில் கொலை என்றால் 'அசம்பாவிதம்' என்று மூலையில் நாலு வரி. மரண அறிவித்தலோ அரைப்பக்கம் போகும். அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும், மைத்துனருமாவார் என்று ஊரையே இழுத்து வருவோம். மூத்த மருமகனின் பெயர் இளையவருக்குப் பின்னால் போய்விட்டால், பிணத்தை வீட்டில் விட்டுவிட்டு எங்களோடு சண்டைக்கு வருவார்கள்.

இதைச் சொன்னால் கிழவர் கட்டில் அதிரச் சிரிப்பார். "ஒருத்தன்ரை சாவுக்கை ஊரையே அடைக்கிறியளோ? அப்ப அந்த மனுசன் என்ன செய்தவன் எண்டு ஆர் எழுதுறது?"

அவருடைய பத்திரிகையில் பெரிய மனிதர்களின் இரங்கற் கட்டுரையை ஆள் உயிரோடிருக்கும்போதே எழுதி மேசை லாச்சியில் வைத்துவிடுவார்களாம். அதற்கு 'முதலை' என்று பெயர். தன்னுடைய முதலையை அவரே எழுதி வைத்திருந்தார். அதில் கொலைகள் இருந்தன, விருதுகள் இருந்தன, சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை. மனைவி பிள்ளைகள்தான் கிடையாது. ஆனால் அதே நகரில், ஒரேத்தோப் பகுதியில், ஒரு தம்பி இருந்தார்.

தகப்பன் துறைமுக விபத்தில் இறந்த அன்று, இவர் வீட்டுச் சுவரிலிருந்த தகப்பனின் படத்தைக் கழற்றிக்கொண்டு பத்திரிகைக்கு ஓடியிருக்கிறார். அப்போது தொலைவில் மெசீனா நகரில் வேலை பார்த்த தம்பிக்குச் சொல்லி அனுப்பவில்லை. தம்பி அதை மறுநாள் முதற்பக்கத்தில் வாசித்துத்தான் அறிந்தார். அன்றோடு நின்றுபோன பேச்சு.

"தம்பியை விட்டிட்டு அறிவித்தல் போட்டால், எங்கடை ஊரிலை அது சண்டையை அச்சடிச்ச மாதிரி, ஐயா" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அவர், "உங்கடை முறையிலையே ஒண்டு எழுதும். அவன்ரை பேரை முதல்லை போடும். போட்டால் வருவானோ?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் அவரை இவ்வளவு காலமும் அரித்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாவமாக இருந்தது.

"உயிரோடை இருக்கிற மனுசனுக்கோ? உங்களுக்கென்னப்பா, விசரே?" என்றாள் அன்றிரவு இதைக் கேட்ட என் மனைவி.

எங்கள் முறையில், இத்தாலியனில் எழுதினேன். கிழவருக்கு எதையும் அச்சில் பார்த்தால்தான் நம்பிக்கை. சரிபார்க்க ஒரு புரூஃப் அச்சடித்து எடுத்துவரச் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. யாழ்ப்பாணத்தில் புரூஃப் பார்க்காமல் நாங்கள் ஒருவரையும் சாகவிட்டதில்லை.

கபோ சந்தைக்குப் பின்னாலிருந்த அச்சகக்காரர் வாசித்தார், சிலுவை போட்டுக்கொண்டார், என் தோளைத் தட்டி ஒரு பிரதி தந்தார். பலெர்மோவில் சாவுச் செய்தியைச் சுவரில் ஒட்டுவார்கள். ஒட்டுவதும் அச்சகத்தாரின் வேலைதான். உயிரோடிருப்பவருக்குப் புரூஃப் கேட்டு ஒருவன் வருவான் என்று அந்த மனிதர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். நான் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் எங்கள் தெரு முழுவதும், அறிவித்தலில் பெயர் இருந்த தம்பியின் ஒரேத்தோவிலும் ஒட்டியாயிற்று.

முதலில் கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா அம்மா ஒரு சட்டி பாஸ்தாவோடு வந்தார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டாத வழக்கம் அங்கும் உண்டு. நான் வாய் திறப்பதற்குள் சட்டியை என் கையில் திணித்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போய்விட்டார். விஷயத்தைச் சொன்னதும் கிழவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தன் செத்த வீட்டுப் பாஸ்தாவைத் தானே சாப்பிடத் தொடங்கினார்.

அப்போதுதான் தம்பி வந்தார். கறுப்புக் கழுத்துப்பட்டி, வீங்கிய கண்கள், கையில் பூங்கொத்து. வாய் நிறையப் பாஸ்தாவோடு இருந்த அண்ணனைப் பார்த்ததும் பூங்கொத்தாலேயே அவர் தலையில் அடித்தார்.

"அப்பா செத்ததையும் உன்ரை பேப்பரிலைதான் பாத்தனான். நீ செத்ததையும் சுவரிலையோ பாக்கோணும்?"

கிழவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்தார்.

"நான் சாகேல்லையடா" என்றார். "இது இன்னும் பேப்பருக்கும் தெரியாது. முதல்லை உனக்குத்தான் சொல்லுறன்."