கர்சிதி தொட்ட கிண்ணம்

வோனோகிரி மாட்டுச் சந்தையில் கர்சிதியின் கைக்குத் தனி மரியாதை. காளையின் நெஞ்சில் சாண் போட்டு எடை சொன்னால் தராசுகூட மறுபேச்சுப் பேசாது. அப்பேர்ப்பட்டவர், தன் வெள்ளைக் காளையை மூன்று சந்தைக்கு ஓட்டிப்போய் மூன்று முறையும் வீட்டுக்கே ஓட்டிவந்தார். கோடை. புல் கிடையாது. காளை இளைத்துக்கொண்டே போனது.

வழக்கமாக வாங்கும் கசாப்புக்காரர் கையை விரித்துவிட்டார். "கறியுருண்டை பக்சோ போடுற கடைக்காரங்க எங்கிட்ட கறி எடுக்கிறதே கொறஞ்சுபோச்சுண்ணே. இந்தியாவுலேர்ந்து கப்பல்ல வர்ற எருமைக்கறிதான் மலிவாம். உங்க காளைய வாங்கி நான் யாருக்கு விக்கிறது?"

கர்சிதி நேரே என் துணிக்கடைக்கு வந்தார். நான் இந்தியாவை விட்டு இந்த ஊருக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. இருந்தாலும் எருமை விஷயத்தில் மொத்த இந்தியாவுக்கும் நானே பொறுப்பு.

"பசுவைக் கும்பிடுவீங்களாமே, எருமைக்கு மட்டும் ஏன்யா ஓரவஞ்சனை? தலையில்ல, தோலில்ல, கல்லு மாதிரி உறைஞ்ச ஒரு கட்டி. பல்லைப் பாத்து வயசு சொல்ல முடியுமா அதுல?"

அவருடைய காளையே ஓங்கோல் கலப்பு. அதன் முன்னோரும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவைதான். அதைச் சொல்லி மனுஷனை மேலும் குழப்ப எனக்கு மனம் வரவில்லை.

"தின்னா வித்தியாசம் தெரியாமலா போகும்?" என்று காளையோடு துமிராவின் பக்சோ கடைக்குக் கிளம்பினார். நானும் போனேன்.

துமிரா சிரித்தாள். "பழைய ஆளுங்களுக்குன்னு நம்ம கறியிலயும் கொஞ்சம் உருட்டுறேண்ணே. ரெண்டு கிண்ணம் வைக்கிறேன். நம்மளது எதுன்னு சரியா சொல்லிட்டீங்கன்னா, இனிமே எல்லாமே நம்ம கறிதான். கசாப்புக்காரர்கிட்ட உங்க காளையத்தான் முதல்ல கேப்பேன்."

கர்சிதி மிளகாய்ச் சட்னிகூடத் தொடவில்லை. இடது கிண்ணத்தில் ஓர் உருண்டை, வலதில் ஒன்று, மறுபடி இடது. கடைசியில் இடது கிண்ணத்தைத் தொட்டார்.

"இதுதான். நம்ம புல்லு வாசனை அப்படியே இருக்கு."

துமிரா குளிர்பெட்டியைத் திறந்து, உறைந்த எருமைக்கறிப் பெட்டியை எடுத்து அந்தக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"இடம் மாத்தி வைம்மா, இன்னொரு தடவை" என்றார் கர்சிதி. கண்ணை மூடிக்கொண்டு தின்றார். இரண்டாம் முறையும் எருமைக்கறியைத்தான் தொட்டார்.

வெளியே வந்து காளையை அவிழ்த்தார். நெஞ்சில் சாண் போட்டார். திரும்பவும் போட்டார்.

"எளைச்சுதான் போயிருக்கா?" என்று என்னைக் கேட்டார். "இல்ல, என் கையும் பொய் சொல்லுதா?"