எதிர்ப்பக்கமாகப் போனவர்

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். எல்லாவற்றையும் ஒரே ஆள் ஒரே சமயத்தில் கட்டி விற்றார். ஒரே சாம்பல் நிற கேட், ஒரே மாதிரி தூண், தூணின் மேல் ஒரே மாதிரி உருண்டை விளக்கு. குடிவந்த புதிதில் நானே இரண்டு தடவை பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றியிருக்கிறேன். வேங்கிக்கால் பக்கம் வயலாக இருந்த இடம்தான் இதெல்லாம். பெரிய மழை பெய்தால்தான் அது ஞாபகத்துக்கு வரும்.

அந்தத் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. எனக்குச் சும்மா இருக்க வராது, அதனால் வந்து சேர்ந்தது. தண்ணீர் எந்த நாள் வரும், கரண்ட் எத்தனை மணிக்குப் போகும், காலி மனையில் பார்த்த பாம்பு சாரையா நல்லதா, பௌர்ணமிக் கிரிவலத்துக்கு எந்த ரோட்டை மறித்திருக்கிறார்கள், எல்லாம் என் வழியாகத்தான் போக வேண்டும். கோலத்தையும் குட்மார்னிங்கையும் போட்டால் அழித்துவிடுவேன். சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. ஒருத்தர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய், தண்ணீர் நாள் தெரியாமல் தொட்டி காய்ந்து, தானே திரும்பி வந்தார்.

ஒரு மாதத்துக்கு முன் பின் தெருவில் ஒரு அம்மாவிடம் தண்ணீர் கேட்டு வந்தவன் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். அதிலிருந்து எங்கள் குழு குழுவாகவே இல்லை. பழைய இரும்புக்காரர் வந்தால் ஒரு போட்டோ, கேஸ் சிலிண்டர் போடுகிற ஆள் மாறினால் ஒரு போட்டோ. முதல் வீட்டுக்காரர், பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசலில் கேமரா மாட்டிவிட்டுப் பொழுதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாதவர் யார் வந்து தண்ணீர் கேட்டாலும் கேட்டைத் திறக்கக்கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டோம். எழுதியது நான்தான். எனக்குத் தூக்கம் கெட்டுப் போயிருந்தது. போன் கிர்ரென்றால் நடுராத்திரியிலும் எழுந்து எடுத்துப் பார்ப்பேன்.

அப்போது அப்பா எங்களோடு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் பயிர் வைத்துக்கொண்டிருந்தவர். அம்மா போனபின் தனியாகத்தான் இருந்தார். மறதி ஜாஸ்தியானதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நான் அழைத்து வந்தேன். சாப்பிட்டது மறந்துவிடும், கிழமை மறந்துவிடும். ஆனால் போனில் யார் பேசினாலும் முதல் வார்த்தையிலேயே ஆளைச் சொல்லிவிடுவார். என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமைதான் வருவார். பகலில் அப்பா தனியாகத்தான் இருப்பார். எதிர்வீட்டு அக்கா மத்தியானம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

அப்பாவுக்கு எங்கள் தெருவோடு ஒரு சங்கடம். அவர் ஊரில் வழியில் தாகம் எடுத்தால் எந்த வீட்டுக்குள்ளும் போய், "தண்ணி குடும்மா" என்று கேட்பார். கேட்பவருக்கும் அது பெரிய விஷயமில்லை, கொடுப்பவருக்கும் இல்லை. இங்கே அப்படிப் போகக்கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "சரிம்மா" என்பார். சொன்னதும் மறந்துவிடும்.

அம்மா போனது ஒரு பௌர்ணமியில். அந்த வருஷத் திதி திங்கட்கிழமையில் வந்தது. கிரிவலப் பாதையில் இருக்கும் சாமியார்களுக்குக் கொடுக்கலாம் என்று பத்து செட் காவி வேட்டி, துண்டு வாங்கி, கூடத்து நாற்காலியில் கட்டாக வைத்திருந்தேன். இந்த ஊரில் திதி, பிறந்தநாள், பிள்ளை பாஸானது எதுவானாலும் சாமியார்களுக்கு வேட்டி கொடுப்பது சகஜம். காலையில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, சாயந்தரம் வந்து அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுக்கலாம் என்று வேலைக்குக் கிளம்பினேன். லீவு போட முடியாது. நான் கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறேன். திங்கட்கிழமை மனு நாள், கடை வாசலில் திருவிழாக் கூட்டம் நிற்கும்.

மத்தியானம் ஒரு மணிக்கு மேல் இருக்கும். பட்டா மாறுதல் கேட்டு வந்த ஒருவருக்கு மனு அடித்துக்கொண்டிருந்தேன். போன் கிர்ரென்றது. முதல் வீட்டுக்காரர் கேமராவிலிருந்து எடுத்த படம் போட்டிருந்தார். மேலிருந்து எடுத்தது, வெயிலில் பாதி வெளுத்துப் போன படம். காவி வேட்டி, காவித் துண்டு, ஒரு வயசான ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கேட்டின் கொண்டியில் கை வைத்திருக்கிறார். "நாலாவது வீடு, அஞ்சாவது வீடு, இப்ப ஆறாவது" என்று கீழே எழுதியிருந்தார். பின்னாலேயே ஐந்து பேர் பயந்து எழுதினார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. மனுக்காரர் எதிரில் காத்திருந்தார். ஒரு கை கீபோர்டில் இருக்க, போனை வாயருகே வைத்துப் பேசி அனுப்பினேன்.

"எல்லாரும் கவனிங்க. காவி கட்டின ஒரு பெரியவர் நம்ம தெருவுல ஒவ்வொரு கேட்டா தொறந்து பாக்குறாரு. தண்ணி கேப்பாரு, குடுக்காதீங்க. யாரும் கேட்டைத் தொறக்காதீங்க. உள்ள தாழ் போட்டுக்கோங்க."

பதினைந்து நொடி இருக்கும். அனுப்பிவிட்டு நிம்மதியாக மனுவை முடித்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பு வருகிறது. வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்தன. முன் தெரு, பின் தெருக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டதாக ஒருவர் எழுதினார். நல்லது என்று நான் பதில் போட்டேன்.

கால் மணி கழித்து எதிர்வீட்டு அக்கா போன் செய்தார். தாழ் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தவர், தெரு அடங்கியதும் அப்பாவைப் பார்க்கப் போயிருக்கிறார். கதவு திறந்து கிடக்கிறது, அப்பாவைக் காணோம் என்றார். காவி ஆள் உள்ளே புகுந்து ஏதாவது செய்துவிட்டானோ என்று பயந்தார். எனக்கும் அதுதான் தோன்றியது. கடைக்காரரிடம் சொல்லக்கூட இல்லை, ஓடினேன். ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. பௌர்ணமிக்காக மெயின் ரோட்டில் தடுப்பு வைத்துப் பஸ்களைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். செருப்பு வார் அறுந்துபோய், அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் எதுவும் கலையவில்லை. பீரோ பூட்டியபடி இருந்தது. குளியலறை வாளியில் அப்பாவின் வெள்ளை வேட்டி முழுக்க நனைந்து கிடந்தது. கூடத்து நாற்காலியில் இருந்த கட்டு அவிழ்ந்திருந்தது. ஏன் என்று தெரியாமலே எண்ணினேன். ஒன்பது செட் இருந்தது.

திரும்ப ஒருமுறை எண்ணினேன். பிறகுதான் போனை எடுத்து அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கினேன். முகம் தெரியவில்லை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. மாட்டு வண்டியிலிருந்து விழுந்ததில் இறங்கிய தோள், நான் சின்னப் பிள்ளையாக ஏறி உட்கார்ந்த தோள். அக்கா என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் படத்தை அவரிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "எங்க கேட்டையும் ஆட்டினாருடி. நீ சொன்னியேன்னு நான் வெளிய எட்டிக்கூடப் பாக்கல," என்றார்.

தெருவில் இறங்கிக் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் மாடியிலிருந்து அதட்டியிருக்கிறார். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள், நல்லவேளை அது குரைத்ததோடு நின்றுவிட்டது. பின் தெருவில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு ஆதார் எங்கே, ஊர் எது என்று கேட்டிருக்கிறார்கள். அவர், "எம் பொண்ணு வூடு இங்கதான்" என்றாராம். எந்த வீடு என்றதற்குக் கையைச் சுற்றிக் காட்டினாராம். எல்லாக் கேட்டும் ஒரே மாதிரி இருந்தால் அவர் வேறு எதைக் காட்டுவார். துண்டைப் பிடித்து இழுத்து, மலைப் பக்கம் போகச் சொல்லி விரட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்னவர் என்னைப் பாராட்டுகிற மாதிரி, "உங்க வாய்ஸ் மெசேஜ் கேட்டுட்டுதான் மேடம் நாங்க உஷாரானோம்" என்றார்.

மலைப் பக்கம் போகச் சொன்னால் அப்பா எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். அக்காவின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஈசான்ய லிங்கம் பக்கமாகக் கிரிவலப் பாதைக்குப் போனேன். கூட்டம் தொடங்கிவிட்டது. நல்ல வெயில். அங்கே போய் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் தேடுவது காவி கட்டிய ஒரு பெரியவரை. கண்ணுக்கெட்டிய தூரம் எல்லாரும் காவி கட்டிய பெரியவர்கள். வேப்பமரத்தடியில் பத்துப் பேர், மண்டபத்தில் இருபது பேர். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். சிலர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தார்கள்.

ஒரு இளநீர்க்காரரிடம் கேட்டேன். வெட்டிக்கொண்டிருந்த கத்தியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க வந்து காவி கட்டின பெரியவர்னா நான் யாரைங்க சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இடது தோள் இறங்கியிருக்கும், கொஞ்சம் மறதி, அடி அண்ணாமலைக்காரர் என்று உளறினேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எதிர்ப்பக்கமா போனாரே ஒருத்தர், அவரா? எல்லாரும் இப்படி வர்றாங்க, இவர் மட்டும் அப்படிப் போனாரு. சாமி, தப்பா போறீங்கன்னு சொன்னேன். ஊட்டுக்குப் போறேன்னாரு."

அவர்தான். வலம் வருகிறவர்கள் அடி அண்ணாமலையைத் தாண்டித்தான் இந்தப் பக்கம் வருவார்கள். இங்கிருந்து அந்த ஊருக்குப் போக வேண்டுமென்றால் கூட்டத்தை எதிர்த்துத்தான் நடக்க வேண்டும். நானும் எதிர்த்து நடந்தேன். முகத்துக்கு நேரே வருகிறவர்கள் எல்லாரும் என்னை விலக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளையைத் தோளில் வைத்திருந்த ஒருவர், "அம்மா, ரைட்டுல போங்க" என்று எரிச்சலாகச் சொன்னார். குபேர லிங்கத்தைத் தாண்டி ஒரு அன்னதானப் பந்தல். தரையில் சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக்கு முந்தின ஆளாக அப்பா, மடியில் தொன்னையை வைத்துக்கொண்டு புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. பாதம் இரண்டும் வெயிலில் சிவந்து கிடந்தன.

நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. தொன்னையை என் பக்கம் நகர்த்தினார்.

"துன்னும்மா. அந்தத் தெருவுல எல்லா வூட்டுலயும் தண்ணி கேட்டேன். ஒருத்தரும் தொறக்கல. இங்க நான் கேக்கவே இல்ல, ஒக்காருன்னு சொல்லி தண்ணியும் குடுத்தாங்க, சோறும் குடுத்தாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "நீ அங்க தனியா கீறியே, உனுக்கு ஒண்ணுன்னா யாரு வருவாங்க?"

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் மெசேஜை அழித்தேன். படத்தில் இருப்பவர் என் அப்பா, பேசியது என் தவறு என்று எழுதிப் போட்டேன். தெருவே வந்தது. முதல் வீட்டுக்காரர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. தண்ணீர் கேட்டால் திறக்கக்கூடாது என்ற தீர்மானத்தை அழித்தேன். எங்கள் கேட்டுக்கு மட்டும் மஞ்சள் பெயின்ட் அடித்தேன்.

ஆனால் நான் அழித்தது எங்கள் குழுவில் மட்டும்தான். கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓசூரில் என் வீட்டுக்காரரோடு வேலை செய்கிற ஒருவர், உங்க ஊர்ப் பக்கம் ஜாக்கிரதை என்று அவருக்கு எதையோ அனுப்பியிருந்தார். என்ன என்று பார்க்காமல் என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்தபடி அதைத் தட்டிவிட்டார். அப்பா பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். கூடம் முழுக்க என் குரல் கேட்டது. காவி கட்டின ஒரு பெரியவர், தண்ணி கேப்பாரு, குடுக்காதீங்க.

நான் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் அது முடிந்துவிட்டது. அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உன் குரல்தானே?"

ஆமாம் என்றேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசலுக்குப் போய், மஞ்சள் கேட்டைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.