செருப்பைக் கழற்றிய மெக்கானிக்

நாகல் நகர் வீட்டு வாசலில் நான் இருந்தேன். தம்பி இருந்தான். அவன் மனைவி இருந்தாள். ஒட்டன்சத்திரத்து லாரி மெக்கானிக் இருந்தார். ஒடிசலான ஆள், முழங்கை வரை கிரீஸ்.

இருந்த ஒரே நிலத்தை விற்றுத் தம்பி வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். மெக்கானிக் அதன் இன்ஜினைத் திறந்து, வால்வு இடைவெளியைச் சரிசெய்து திரும்ப மாட்டிவிட்டார். சாவி போடுமுன் இன்ஜினை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். வால்வு பிஸ்டனில் இடித்தால் இன்ஜின் போனதுதான்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முன் பம்பரில் கால் வைத்தார்.

"ஏண்ணே, இதென்ன கோயிலா?" என்றான் தம்பி.

"இடிச்சா காதுக்கு முந்தி காலுக்குத் தெரியுமுங்க. செத்த பேசாம இருங்க. எனக்கும் பயந்தானுங்க."

சுற்றினார். ஒன்று. அடுத்ததில் பாதியிலேயே நின்றுவிட்டார். தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அவர் தன் காலையே பார்த்தார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. பிறகு ஸ்பேனரை மெல்ல இழுத்தார்.

இரண்டு.