ஒரு ரூபாய்க் காசுக்கடியில் அஞ்சு ஓட்டை

துப்பாக்கியைச் சோதித்துச் சொல்லும் வேலையில் சுடுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் சொந்தக்காரர் அதைப் பற்றி அளக்கும் பெருமையைக் கேட்க வேண்டும். கடையில் நின்று வேலை பார்த்த எல்லாருக்கும் இந்த வலி தெரியும்.

நான் கோட்டைக்குப்பத்துப் பெண். பதினொன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பெரிய காரணமில்லை, உட்கார முடியவில்லை. பதினெட்டு முடிந்ததும் ஆரம்பாக்கம் பக்கம் லைசென்ஸ் உள்ள ஒரு சுடும் மைதானத்தில் சேர்ந்தேன். பன்றி விரட்டும் விவசாயிகளும் கிளப்காரர்களும் துப்பாக்கி கொண்டுவருவார்கள். மணல் மூட்டைமேல் வைத்து அஞ்சு முறை சுடுவேன். தாளில் விழும் அஞ்சு ஓட்டையும் ஒரு ரூபாய்க் காசுக்கடியில் மறைந்தால் 'சரி' என்பேன். சேரும்போதே முதலாளி பாய் சொல்லிவிட்டார்: "நீ சரின்னு சொன்னது ஒண்ணு திரும்பி வந்தாலும், மறுநாள்லேர்ந்து நீ வர வேணாம்."

எண்ணெய்க் குளியல்

சுண்ணாம்புக்குளத்து விவசாயி ஒருவர் ரைஃபிள் கொண்டுவந்தார். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் ரகம். முதல் குண்டு எப்போதும் மேலே போகிறது, துப்பாக்கி மட்டம் என்று ஒரே புலம்பல்.

எங்கள் பக்கம் உப்புக்காற்று. இரும்பைக் கண்டால் எண்ணெய் ஊற்றாமல் யாருக்கும் தூக்கம் வராது. அவரும் படகு எஞ்சினுக்கு ஊற்றுவதுபோல் ஊற்றியிருந்தார். குழாய்க்குள் துணி விட்டு இழுத்தேன், சொட்டியது. உள்ளே எண்ணெய் நின்றால் முதல் குண்டு தடம் மாறும். காயத் துடைத்துவிட்டுச் சுட்டேன். முதல் குண்டும் சேர்த்து அஞ்சும் காசுக்கடியில். தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "எண்ணெய் அதிகம்னு எம் பொண்டாட்டியும் சொன்னாம்மா. நீ அவகிட்ட சொல்லிடாத."

சிபாரிசு வேண்டாம்

காரில் வந்த ஒருவர் தன் ரைஃபிளை விற்கப் போகிறாராம். நான் 'சரி' என்றால் நல்ல விலை போகும். சுட்டேன். ஓட்டைகள் சிதறிய மிளகு மாதிரி. துடைத்தேன், திருகுகளை இறுக்கினேன், மறுபடியும் மிளகுதான். "சார், இது தேறாது" என்றேன். சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று அவர் பாயிடம் போனார். பாய் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொண்ணு மாட்டேன்னா மாட்டேன்தான் சார். எனக்கே அதுகிட்ட பயமா கீது."

திரும்பி வந்தது

இரட்டைக்குழல் துப்பாக்கியின் அகலக் குழாய்க்குள் செருக ஒரு சின்னக் குழாய் உண்டு. அதைப் போட்டால் சின்னத் தோட்டாவும் சுடலாம். அப்படி ஒன்றை நான் 'சரி' என்று அனுப்பியிருந்தேன். அதன் சொந்தக்காரர் திரும்பி வந்தார். "நாலு விரல் இடது பக்கம் போவுது." பாய் துப்பாக்கியை என் முன்னால் வைத்தார். அதே நேரம் பார்த்துச் சோறு கொண்டுவந்து நிற்கிறார் நைனா. பெண் துப்பாக்கி சுடுகிறாள் என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஊரில் "ஆபீஸ் கூட்டிப் பெருக்குது" என்று சொல்லிவைத்திருக்கும் என் அப்பா.

சுட்டேன். நாலு விரல் இடதுதான். ஆனால் அஞ்சும் காசுக்கடியில். சிதறாத துப்பாக்கி கெட்டதாக இருக்காது. குழாய் வாயைப் பார்த்தேன். இப்படி நான் சோதிக்கும் ஒவ்வொன்றிலும் சின்னக் குழாயும் பெரிய குழாயும் சேரும் இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரே கோடு இழுத்துவிடுவேன். இப்போது கோடு ரெண்டாகப் பிரிந்து நின்றது.

"கழட்டினீங்களா அண்ணா?"

"தொடைக்கத்தான் கழட்டினேன். திருப்பி மாட்டிட்டேனே."

மாட்டியது சரி, திரும்பிய நிலையில் மாட்டியதுதான் தப்பு. சின்னக் குழாயின் துளை நடுவிலிருந்து மயிரிழை விலகியிருந்தாலும், அது திரும்பினால் குண்டும் திரும்பும். கோட்டைக் கோட்டோடு சேர்த்துவிட்டுச் சுட்டேன். அஞ்சும் தாளின் நட்ட நடுக் கறுப்பு வட்டத்தில். பாய் தன் சட்டையிலிருந்து காசை எடுத்து வைத்து மூடிப் பார்த்தார். ஒரு ஓட்டையும் தெரியவில்லை. "நாளைக்கு சீக்கிரம் வா" என்றார் என்னிடம். நைனா சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பாய், இத நான் எடுத்துக்கறேன். ஊர்ல கொஞ்சம் பேருக்கு வேற மாதிரி சொல்லிவச்சிட்டேன், மாத்திச் சொல்லணும்."

பள்ளிக்கூடத்தில் நான் எழுதிய எந்தப் பரீட்சைத் தாளையும் நைனா இப்படிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதில்லை. அதிலும் ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கலாம் போலிருக்கிறது.