சுவர் நிழலில் கனகாம்பரம்

எங்க அப்பாவுக்குத் தறிமேல விழற வெளிச்சம்தான் உசிரு. பொண்டாட்டி, பிள்ளை எல்லாம் அப்புறம். பெரிய காஞ்சிபுரத்துல நாங்க இருந்த வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் வெயில் விழும், அதுவும் தறி ஜன்னலுக்கு நேரா. அங்க அம்மா முல்லை வெச்சாங்க. கொடி ஜன்னல் கம்பியைத் தொட்ட அன்னைக்கே அப்பா தறிக்குழியில இருந்து எழுந்து வந்து வேரோட பிடுங்கிப் போட்டார். "சரிகை கண்ணுக்குத் தெரியல, உனக்குப் பூ கேக்குதா?"ன்னார்.

மிச்சமிருந்தது பக்கத்து வீட்டு உயரச் சுவரோரம் ஒரு துண்டு இடம். உச்சிவேளையிலும் நிழல், எப்பவும் ஈரம். அம்மா விடல. ரோஜா வெச்சாங்க, இலையா விட்டுது, மொட்டு வரல. சாமந்தி வெச்சாங்க, அழுகிப்போச்சு. வெத்திலைக்கொடி நல்லா வரும்னு எல்லாரும் சொன்னாங்க. வெத்திலையைத் தலையிலயா வெச்சிக்க முடியும்? அப்பா ஒரு நாளும் பூ வாங்கித் தந்ததில்ல. தன் கையால வளர்த்த பூவைத் தன் தலையில வெச்சிக்கணும், அது ஒண்ணுதான் அம்மாவுக்கு ஆசை. கடைசியில பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா கொடுத்த கனகாம்பர நாத்துதான் அந்த நிழல்ல பிடிச்சுது. இடுப்புக்கு மேல வளராது, ஜன்னலுக்குத் தொந்தரவில்ல. கொத்துக் கொத்தாப் பூத்துது.

பூத்ததும் அப்பாவுக்குக் கண் திறந்துது. "கட்டி முதலாளி வீட்டம்மாவுக்கு அனுப்பு. நமக்கு நெய்யறதுக்குப் பட்டு நூல் குடுக்கற வீடு"ன்னார். அம்மா, "ஒரு முழம் எனக்கு..."ன்னு இழுத்தாங்க. "அங்க போனது போக மிச்சமிருந்தா வெச்சிக்க." மிச்சம் எங்க இருக்கும்? தினமும் அம்மா கட்டுவாங்க, நான் வாழையிலையில சுத்தி எடுத்துக்கினு போவேன். முதலாளி வீட்டம்மா, "வாசனையில்லாத பூவு"ன்னு சொல்லி அதை மாட்டுக்குப் போட்டதை என் கண்ணால பார்த்தேன். அப்பாகிட்ட வந்து சொன்னேன். "போட்டா போடட்டும், அனுப்பறது நம்ம மரியாதை"ன்னார். நல்ல மரியாதை!

ஒரு நாள் அப்பா நெஞ்சைப் பிடிச்சிக்கினு தறிமேலயே சாஞ்சார். நான் அழல. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?

எங்க சனத்துல பத்தாம் நாள் தாலி எடுக்கறதுக்கு முன்னாடி, பொம்பளைக்குக் கடைசியா ஒரு தரம் மஞ்சள் பூசி, கை நிறைய வளையல் போட்டு, தலை நிறையப் பூ வெப்பாங்க. அப்புறம் எல்லாத்தையும் பிடுங்குவாங்க. வெட்டப்போற ஆட்டுக்கு மாலை போடற மாதிரிதான். அப்பாவோட அக்கா, என் அத்தை, சுவரோரம் போய் ஒரு மொட்டு விடாம பறிச்சிக்கினு வந்தாங்க. "ரொம்ப ஆசைப்பட்டியேமா, வெச்சிக்க"ன்னு சொல்லி அம்மா தலை கொள்ளாம சுத்தினாங்க. சுத்தி உட்கார்ந்த பொம்பளைங்க ஒப்பாரி வெச்சிக்கினு இருந்தாங்க.

அம்மா அழல. என்னைக் கிட்ட கூப்பிட்டு, யாருக்கும் கேக்காம, "எனக்கு நல்லா இருக்குதா கண்ணு?"ன்னு கேட்டாங்க.

"இருக்குதும்மா"ன்னேன். அதுக்குள்ள அத்தை பூவுல கை வெச்சுட்டாங்க.