வளைவில் உரசிய நடைமேடை

தையல் உட்கார்ந்து செய்கிற தொழில். ஆனால் அந்தத் தையல்காரர் முழுசாக அரைமணி நேரம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு சட்டைக்குக் காலர் வைப்பதற்குள் நாலு தடவை வாசலுக்குப் போய் வருவார். "கால்ல சக்கரம் கட்டிட்டுப் பொறந்தவர்" என்பாள் மனைவி.

அந்தக் கால்கள் ஒருநாள் மச்சான் வீட்டு மாடிக்குப் போயின. மச்சான் எலக்ட்ரீஷியன். அவரும் நண்பர்களும் அறையை அடைத்து மேசை போட்டு, பொம்மை ரயிலுக்குப் பாதை அமைத்திருந்தார்கள். வளைவின் உள்பக்கத்தில் அட்டையில் ஒரு ஸ்டேஷன்.

"இதென்ன மச்சான், செருப்பு டப்பாவா?"

"வாய் இருக்கில்ல, கையும் இருக்கா பார்ப்போம். நீங்களே கட்டுங்க மாப்பிள்ளே."

கட்டினார். பழப்பெட்டிப் பலகையைச் சீவி, இழைத்து, நாலு மாதத்தில் நடைமேடை, இரண்டு வரிசைத் தூண்கள், மேலே சரிவான மரக்கூரை. தூண் ஒவ்வொன்றும் தீக்குச்சி கனம். பசை காய ஒரு ராத்திரி விட வேண்டும். பொறுக்காமல் தொட்டுப் பார்த்தே பாதித் தூண்களை இரண்டு முறை நட்டார்.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அக்கம்பக்கத்தார் ரயில் பார்க்க வருவதாக ஏற்பாடு. காலையில் மர ஸ்டேஷனைப் பாதையோரம் வைத்தார்கள். எஞ்சின் போனது. சரக்கு வண்டிகள் போயின. கடைசியாக நீளமான பயணிகள் பெட்டி வந்தது. வளைவில் அதன் நடுவயிறு உள்ளே தள்ளி, நடைமேடையில் கிர்ரென்று உரசிச் சாய்ந்தது.

"இன்னிக்கு அட்டையையே வெச்சிடுவோம் மாப்பிள்ளே. ஆளுங்க வந்துடுவாங்க."

தையல்காரருக்கு முகம் செத்துவிட்டது. "அளவு சரியாத்தானே எடுத்தேன்? பெட்டியை நேர்பாதையில நிறுத்தி, நூல் பிசகாம எடுத்தேனே!"

கதவருகே நின்ற மனைவி கேட்டாள்: "நிக்க வெச்சு அளவெடுத்த பேண்ட்டு உக்காந்தா கிழியுதுன்னு ஒருத்தர் வந்தா, உக்காராதேன்னா சொல்லுவீங்க?"

அறையை மூன்று சுற்று சுற்றினார். பிறகு பழுப்புக் காகிதத்தை ஸ்டேஷனுக்கு அடியில் விரித்து, நடைமேடையின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டார். ஸ்டேஷனை மட்டும் தூக்கிவிட்டு, பெட்டியின் நடுப்பக்கத்தில் ஒரு பென்சில் முனையைக் கட்டி, கையால் மெல்ல உருட்டினார். வளைவு முழுக்கத் தனக்கு வேண்டிய இடத்தைப் பெட்டியே வரைந்து கொடுத்தது.

காகிதத்தை அந்தக் கோட்டில் வெட்டி, நடைமேடையின் அடியில் பொருத்திப் பார்த்தார். முன்வரிசையில் ஒன்பது தூண்கள் கோட்டுக்கு வெளியே நின்றன.

"ஒன்பதும் போயிடுமே!" என்றாள் மனைவி.

"போகட்டும்."

பிளேடு ரம்பத்தால் நடைமேடையையும் கூரை விளிம்பையும் கோட்டின்படியே அறுத்தார். பசை காய நேரமில்லை. ஒவ்வொரு தூணின் அடியிலும் குண்டூசியைச் செருகி, உள்ளே தள்ளிக் குத்தி நிறுத்தினார். ஒன்று உடைந்தது, புதிதாகச் சீவினார். மணி மூன்றே முக்கால்.

நாலு மணிக்கு, கூட்டத்தின் நடுவே, நீளப் பெட்டி நக இடைவெளி விட்டு வழுக்கிப் போனது. மறுபடி போனது. பின்னோக்கி விடச் சொன்னார், அப்போதும் உரசவில்லை. மச்சான் அட்டை ஸ்டேஷனை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டு, ஒரு நாற்காலியை இழுத்து வைத்தார்.

"இப்பவாவது உக்காருங்க மாப்பிள்ளே."

"இதைவிட நீளமான பெட்டி யார்கிட்டயாவது இருக்கா மச்சான்?"

"இருக்கு. யார்கிட்டன்னு மட்டும் செத்தாலும் சொல்லமாட்டேன்."